ஷெட்யூல் செய்த வேலைகளில் ஒன்றை மட்டும் ஓட்டுவது எப்படி?

கல்வராயன் மலை அடிவாரத்தில் கச்சிராயபாளையம் இருக்கிறது. அங்கே என் மாமா புளி, மரவள்ளி வியாபாரம் செய்கிறார். வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்து விவசாயிகளிடம் சரக்கு எடுக்கும்போது எடைச் சீட்டை விவசாயி கையில் கொடுத்துவிடுவார். தனக்கு அதை ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார். போன் மெமரி கார்டில் உள்ள அந்தப் படங்கள்தான் அவருடைய கணக்கு.

லேப்டாப் வாங்கிய புதிதில் அதில் மூன்று வேலைகளை ஷெட்யூல் செய்து கொடுத்தேன். மாமா தினமும் இரவு கார்டை ரீடரில் செருகி வைத்தால் போதும். 9 மணிக்குப் படங்கள் லேப்டாப்புக்குக் காப்பி ஆகும். 9.30க்கு அங்கிருந்து எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும். 10 மணிக்கு கார்டு காலி செய்யப்படும். சில மாதங்கள் ஒழுங்காக ஓடியது.

ஒரு நாள் காலையில் மாமா போன் செய்தார். "மாப்ளே, கார்டு ஃபுல்லுன்னு சொல்லுது. போட்டோ எடுக்க முடியல."

"அவ்வளவுதானே மாமா. மூணாவது வேலையை மட்டும் ரைட் கிளிக் பண்ணி ரன் குடுங்க."

கொடுத்தார். கார்டு காலி. மூன்று நாள் சீட்டுகளும் போயின.

என்ன நடந்தது? மூன்று நாட்களாக இரவு 9 மணி வாக்கில் அங்கே கரண்ட் இல்லை. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் நாம் புதிதாக உருவாக்கும் டாஸ்க், லேப்டாப் மின் இணைப்பில் இருந்தால் மட்டுமே தொடங்கும். நாம் மாற்றாதவரை அதுதான் அமைப்பு. அதனால் மூன்று வேலைகளுமே ஓடவில்லை. கார்டு நிரம்பியதற்குக் காரணமே அதுதான்! கார்டு ஏன் நிரம்பியது என்று நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

சரி, எப்படிச் செய்திருக்க வேண்டும்? ஸ்டார்ட் மெனுவில் டாஸ்க் ஷெட்யூலர் என்று டைப் செய்து திறந்துகொள்ளுங்கள். இடது பக்கம் டாஸ்க் ஷெட்யூலர் லைப்ரரி என்று இருக்கும். அதன் மேல் ரைட் கிளிக் செய்து உங்களுக்கென ஒரு போல்டர் உருவாக்கி, உங்கள் டாஸ்க்குகளை அதில் உருவாக்குங்கள். மைக்ரோசாப்ட் என்ற போல்டருக்குள் இருப்பவை விண்டோஸின் சொந்த வேலைகள். அவற்றில் கை வைக்க வேண்டாம்.

நடுவில் உள்ள பட்டியலில் ஒரு டாஸ்க்கை ரைட் கிளிக் செய்தால் ரன், எண்ட், டிஸேபிள் என்று வரும். ரன் கொடுத்தால் அந்த ஒரு டாஸ்க் மட்டும் உடனே ஓடும். அதற்கு முன் லாஸ்ட் ரன் டைம் என்ற காலத்தைப் பாருங்கள். உங்கள் டாஸ்க்கை மட்டுமல்ல, அதற்கு முன்னால் ஓடியிருக்க வேண்டிய டாஸ்க்கையும் பாருங்கள். மாமாவின் முதல் டாஸ்க்கில் நான்கு நாள் பழைய தேதி இருந்தது. அது அந்த ஸ்கிரீனிலேயே இருந்தது, நான்தான் படிக்கச் சொல்லவில்லை.

பக்கத்தில் லாஸ்ட் ரன் ரிசல்ட் இருக்கும். 0எக்ஸ்0 என்றால் வேலை முடிந்தது. 0எக்ஸ்41301 என்றால் இன்னும் ஓடுகிறது. 0எக்ஸ்41303 என்றால் ஒரு முறைகூட ஓடவில்லை. காப்பி செய்ய ரோபோகாப்பியைப் பயன்படுத்தினால் 0எக்ஸ்1 வரலாம். பயப்பட வேண்டாம், அது பைல்கள் காப்பி ஆகிவிட்டன என்பதன் அடையாளம். ரோபோகாப்பி தரும் எண் 8 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் கோளாறு.

ஒரு டாஸ்க் தானாக ஓடக்கூடாது, கேட்கும்போது மட்டும் ஓட வேண்டும் என்றால் பலர் டிஸேபிள் செய்துவிடுகிறார்கள். அப்புறம் ரன் கொடுத்தாலும் ஓடாது. அதற்குப் பதில் டாஸ்க்கை டபுள் கிளிக் செய்து, ட்ரிகர்ஸ் டேபில் எடிட் கொடுத்து, கீழே எனேபிள்டு என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். நேரம் வந்தாலும் சும்மா இருக்கும், நீங்கள் ரன் கொடுத்தால் ஓடும்.

மின்வெட்டு உள்ள ஊர்க்காரர்கள் கண்டிஷன்ஸ் டேபையும் பார்க்க வேண்டும். ஏசி பவர் பற்றிய டிக்கை எடுத்துவிட்டால் பேட்டரியிலும் வேலை தொடங்கும். செட்டிங்ஸ் டேபில், தவறிப்போன வேலையைக் கூடிய விரைவில் ஓட்டச் சொல்லும் வரி ஒன்று உண்டு. காப்பி, பேக்கப் வேலைகளுக்கு அதை டிக் செய்யலாம். அழிக்கும் வேலைக்கு மட்டும் செய்யாதீர்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் எது முதலில் ஓடும் என்று நம்பி இருக்க முடியாது.

பெரிய கம்பெனிகளிலும் இதே தொல்லைதான். 2014ல் ஏர்பிஎன்பி நிறுவனத்தில் தொடங்கிய ஏர்ஃப்ளோ என்ற மென்பொருளில், எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை என்பதை முன்கூட்டியே எழுதிவிடுவோம். வழக்கமான ஓட்டத்தில், முந்தைய வேலை தோற்றால் அடுத்தது தொடங்காது. ஆனால் ஒரு வேலையை மட்டும் தனியே ஓட்டிப் பார்க்கும் கட்டளையும் அதில் இருக்கிறது. அது முந்தைய வேலை முடிந்ததா என்று பார்க்காது. அலுவலகத்தில் அந்தக் கட்டளையைக் கொடுக்கும்போது இரண்டு முறை யோசிக்கிற நான், மாமாவிடம் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். டாஸ்க் ஷெட்யூலரில் தனித்தனியாகப் போட்ட மூன்று டாஸ்க்குகளுக்கு ஒன்றையொன்று தெரியவே தெரியாது.

அதனால் இப்போது மாமாவின் லேப்டாப்பில் மூன்றும் ஒரே பேட்ச் பைலில் இருக்கின்றன. ஒவ்வொரு காப்பிக்குப் பிறகும் எர்ரர் லெவல் 8க்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும், கார்டைத் தொடாது. பேக்கப் மட்டும் தனி டாஸ்க்காகவும் இருக்கிறது. அதை எத்தனை முறை ஓட்டினாலும் நஷ்டமில்லை. அழிக்கும் வேலைக்குத் தனி டாஸ்க் கிடையாது.

தொலைந்த படங்கள்? கார்டில் மாமா அதற்குள் புதிதாகப் படம் எடுக்கத் தொடங்கியிருந்தார். உடனே நிறுத்தச் சொன்னேன். போட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் பாதிக்கு மேல் மீட்டோம். மீதிக்கு, மாமா பைக்கில் வெள்ளிமலைக்கு ஏறி, விவசாயிகள் கையில் இருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக மறுபடி போட்டோ எடுத்து வந்தார். நானும் பின்னால் உட்கார்ந்து போனேன்.