இதயத் தமனியின் தன்னியல்புக் கிழிவு: நோயறிதலும் சிகிச்சையும்

ஆய்வுச் சுருக்கம்

இதயத் தசைக்குக் குருதி வழங்கும் கரோனரி தமனியின் சுவர், கொழுப்புப் படிவோ அடிபட்ட காயமோ மருத்துவக் கருவியின் தாக்கமோ இன்றித் தானாகவே பிளவுறுவது தன்னியல்புக் கிழிவு எனப்படும். வழக்கமான மாரடைப்பில் உயிர் காக்கும் சில சிகிச்சைகள் இந்நோயில் தீங்கு விளைவிக்கக்கூடும். எனவே நோயைச் சரியாக இனங்காண்பதே சிகிச்சையின் போக்கைத் தீர்மானிக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கரோனரி தமனி, தன்னியல்புக் கிழிவு, குருதிக்கட்டு, ஆஞ்சியோகிராம், ஸ்டென்ட், பெண்களின் இதயநலம்.

முன்னுரை

'மாரடைப்பு' என்னும் சொல் நோயின் பெயரோடு அதன் காரணத்தையும் சேர்த்தே சொல்வதுபோல் அமைந்துள்ளது. குழாய் அடைபட்டது, அடைப்பை நீக்க வேண்டும் என்பதே மக்கள் வழக்கிலும், பெருமளவு மருத்துவ நடைமுறையிலும் நிலைபெற்ற புரிதலாகும். இப்புரிதலுக்குள் அடங்காத ஒரு நோயை 1931ஆம் ஆண்டில் ஹெரால்டு பிரெட்டி என்பார் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முதன்முதலாகப் பதிவு செய்தார். 42 வயதுப் பெண்ணொருவரின் பிணக்கூறாய்வில் கண்டறியப்பட்ட தமனிப் பிளவு அது. அதன்பின் பல்லாண்டுகள் இந்நோய் பெரும்பாலும் இறந்தோரின் உடலிலேயே காணப்பட்டமையால், இது மிக அரியது, உயிர்க்கொல்லி, மகப்பேற்றை ஒட்டி மட்டுமே வருவது என்னும் கருத்துகள் வேரூன்றின. மூன்றுமே இன்று திருத்தப்பட்டுள்ளன.

திடீர் இதயத் தாக்குதல்கள் அனைத்திலும் இதன் பங்கு 1 முதல் 4 விழுக்காடு வரை என மதிப்பிடப்படுகிறது. ஆனால் 50 வயதிற்குட்பட்ட பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால், சில ஆய்வுகளில் இப்பங்கு மூன்றில் ஒன்றை எட்டுகிறது. கருவுற்ற காலத்திலும் மகப்பேற்றை அடுத்தும் நிகழும் மாரடைப்புகளுக்கு இதுவே முதன்மைக் காரணம். எனினும் இந்நோயுற்றோருள் பெரும்பாலோர் அந்நிலையில் இருந்தவர் அல்லர்.

கிழிவு நிகழும் முறை

தமனியின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. உள்ளடுக்கில் சிறு கிழிசல் ஏற்பட்டு, அதன்வழியே குருதி சுவருக்குள் புகுகிறது என்பது ஒரு கருத்து. சுவருக்கே உணவூட்டும் நுண்ணிய குருதிக்குழல்கள் உடைந்து, சுவருக்குள் குருதி தேங்குகிறது என்பது மற்றொன்று. தமனியின் உட்புறத்தைப் படமெடுத்த ஆய்வுகளில், உள்ளடுக்கில் கிழிசலே இல்லாத நோயாளர் பலர் காணப்பட்டனர். இது இரண்டாவது கருத்திற்கு வலுச் சேர்க்கிறது. அவ்வாறாயின் 'கிழிவு' என்னும் பெயரும் முழுமையாகப் பொருந்துவதன்று. எவ்வழியாயினும், தேங்கிய குருதிக்கட்டு சுவரை உட்புறமாகத் தள்ளிக் குருதி ஓடும் பாதையைக் குறுக்குகிறது.

மரபியல் ஆய்வும் இவ்வேறுபாட்டை உறுதிப்படுத்துகிறது. பி.எச்.ஏ.சி.டி.ஆர்.1 என்னும் மரபணுவில் இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் ஒரு மாறுபாடு 2019இல் அறிவிக்கப்பட்டது. அதே மாறுபாடு, கொழுப்புப் படிவால் வரும் தமனி நோய்க்கான வாய்ப்பைக் குறைக்கிறது. இரண்டும் ஒரே நோயின் இரு வடிவங்கள் அல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நோயறிதலில் உள்ள இடர்கள்

நெஞ்சுவலி, கைக்கும் கழுத்திற்கும் பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் ஆகிய அறிகுறிகள் வழக்கமான மாரடைப்பினவே. ஆனால் நோயாளியோ பெரும்பாலும் நாற்பதுகளில் உள்ள, சர்க்கரை நோயோ புகைப்பழக்கமோ இல்லாத பெண். ஆகவே வலி மனப்பதற்றமாகவோ வயிற்றுப் புளிப்பாகவோ கருதப்பட்டுவிடும் ஆபத்து உண்டு. முதல் இ.சி.ஜி. இயல்பாக இருப்பினும், ட்ரோபோனின் அளவை மீண்டும் மீண்டும் சோதித்தல் இன்றியமையாதது.

ஆஞ்சியோகிராமே முதன்மைச் சோதனை. இதில் காணப்படும் தோற்றங்களை ஜாக்குலின் சா 2014இல் மூன்றாக வகைப்படுத்தினார். முதல் வகையில் சாயம் இரு பாதைகளில் பாய்ந்து சுவரில் தங்கும். கிழிவு கண்ணுக்கு எளிதில் புலப்படும். மிகுதியாகக் காணப்படுவது இரண்டாம் வகையே. இதில் தமனி நீண்ட தொலைவிற்கு வழவழப்பாக ஒடுங்கியிருக்கும். பிளவு எதுவும் தெரியாது. இயல்பிலேயே மெலிந்த தமனி என்றோ தற்காலிக இறுக்கம் என்றோ எண்ணிக் கடந்துவிட இடமுண்டு. தமனிக்குள் நைட்ரோகிளிசரின் செலுத்தியும் ஒடுக்கம் தளராவிடில் இறுக்கம் என்னும் ஐயம் பெரிதும் நீங்கும். மூன்றாம் வகை கொழுப்புப் படிவையே ஒத்திருப்பதால், ஓ.சி.டி. போன்ற உட்படக் கருவியின் துணை தேவைப்படும். ஆனால் அக்கருவியே பிளவை நீட்டிவிடக்கூடும். ஐயம் தீராதபோது மட்டுமே அதனைக் கையாளுதல் தகும்.

சிகிச்சை: காத்திருத்தலின் மருத்துவம்

வழக்கமான மாரடைப்பில் பலூனும் ஸ்டென்ட்டும் விரைந்து பயன்படுத்தப்படுகின்றன. இங்கோ கம்பி உண்மைப் பாதையை விட்டுச் சுவருக்குள் உண்டான பொய்ப்பாதையில் நுழையக்கூடும். பலூன் விரிகையில் குருதிக்கட்டு முன்னும் பின்னும் பிதுங்கிப் பிளவு நீளும். நாளடைவில் கட்டு கரைந்தபின், ஸ்டென்ட் சுவரோடு ஒட்டாமல் தளர்ந்து நிற்கவும் நேரும். மாறாக, தலையிடாமல் விடப்பட்ட தமனிகளுள் பெரும்பாலானவை சில வாரங்கள் அல்லது மாதங்களில் தாமே ஆறிவிடுவதை மறுபடங்கள் காட்டின. எனவே நோயாளி நிலையாக இருந்து குருதியோட்டமும் தொடருமாயின், கருவி நுழைக்காமல் காத்திருப்பதையே 2018இல் வெளியான அமெரிக்க, ஐரோப்பிய இதய மருத்துவ அறிக்கைகள் இரண்டும் பரிந்துரைத்தன.

காத்திருத்தல் என்பது கைவிடுதல் அன்று. முதல் வாரத்திற்குள் பிளவு பெருகுவோர் சிலர் இருப்பதால், மூன்று முதல் ஐந்து நாள்களேனும் மருத்துவமனையில் கண்காணிப்பு வேண்டும். வலி நீடித்தாலோ, இடப்புற முதன்மைத் தமனி பாதிக்கப்பட்டாலோ, குருதியழுத்தம் சரிந்தாலோ தலையீடு தவிர்க்க இயலாதது. மாற்றுவழி அறுவை செய்யப்பட்டோரிடம் ஒட்டுக்குழாய் பின்னாளில் அடைபடுவதுண்டு. மூலத் தமனி ஆறித் தன் ஓட்டத்தை மீட்டுக்கொள்வது அதற்கு ஒரு காரணம்.

குருதிக்கட்டைக் கரைக்கும் ஊசிமருந்து இந்நோயில் தவிர்க்கத்தக்கது. சுவருக்குள் கசிவை அது பெருக்கக்கூடும். ஆஞ்சியோகிராம் வசதியற்ற மருத்துவமனைகளுக்கு இது மெய்யான நெருக்கடி. அங்கு வருவோருள் மிகப் பெரும்பாலோரை அம்மருந்தே காப்பாற்றுகிறது. அரிய ஒரு நோய்க்காக அவ்விதியைக் கைவிட இயலாது. இந்நோய்க்கு வாய்ப்புள்ளோரை விரைந்து ஐயுற்று, இயன்றவரை வசதியுள்ள இடத்திற்கு அனுப்புதலே செய்யத்தக்கது.

மருந்துகளில் பீட்டா பிளாக்கருக்கு ஓரளவு சான்று உண்டு: 2017இல் வெளியான கனடா நாட்டு ஆய்வில், 327 நோயாளருள் அதனை உட்கொண்டோரிடம் மறுநிகழ்வு குறைந்திருந்தது, உயர் குருதியழுத்தம் உடையோரிடம் மிகுந்திருந்தது. ஆஸ்பிரினுடன் இரண்டாவது மருந்தொன்றைச் சேர்ப்பது இன்னும் விவாதத்திற்குரியது. கொழுப்பு மிகுதி இல்லாதோர்க்கு ஸ்டேட்டின் கட்டாயமன்று.

தொடர் கவனிப்பு

இந்நோயுற்றோர் பலரிடம் சிறுநீரகம், கழுத்து, மூளை ஆகியவற்றின் தமனிகளிலும் நார்த்தசைக் கோளாறு காணப்படுகிறது. ஆதலால் தலை முதல் இடுப்பு வரை ஒருமுறை தமனிகளைப் படமெடுத்தல் அறிவுறுத்தப்படுகிறது. மறுநிகழ்வு பெரும்பாலும் முன்பு பிளந்த இடத்தில் அன்றி, வேறொரு தமனியிலேயே நிகழ்கிறது. மீண்டும் கருவுற விழைவோர்க்கு உரிய மருத்துவ ஆலோசனை இன்றியமையாதது. பெருஞ்சுமை தூக்குதலும் மூச்சை அடக்கி முக்குதலும் விலக்கத்தக்கன. ஒருகாலத்தில் அச்சத்தால் மறுக்கப்பட்ட நடைப்பயிற்சியும் மிதமான உடற்பயிற்சியும் இன்று இதயப் புனர்வாழ்வுத் திட்டத்தின் பகுதியாக இவர்களுக்கும் பரிந்துரைக்கப்படுகின்றன.