கறுத்த கல்லெல்லாம் கனத்த கல்லா?

மலையும் மலை சார்ந்த நிலமும் குறிஞ்சி எனத் தமிழர் வகுத்தனர். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் பொதினியே இன்றைய பழனி என்பர் அறிஞர். அப்பழனி மலைத்தொடரின் மேற்பரப்பில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது கோடைக்கானல்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் துறை மாணவர்களுடன் அங்குக் கல்விச் சுற்றுலா சென்றிருந்தோம். ஏறத்தாழ 400 அடி உயரம் நிமிர்ந்து நிற்கும் தூண் பாறைகளின் எதிரே நின்றபோது மழை பெய்து ஓய்ந்திருந்தது. மழையில் நனைந்த துறுகல்லை நீராடிய யானைக்குக் கபிலர் உவமித்த குறுந்தொகைப் பாடலை மாணவர்க்கு நினைவூட்டினோம். அப்போது ஒரு மாணவர், “ஐயா, இந்தப் பாறை யானை நிறமாய் இருப்பதற்குக் காரணம் என்ன?” என்று வினவினார். “கல்லில் இரும்புச் சத்து மிகுதி. ஆகவேதான் கறுப்பு, ஆகவேதான் கனமும்” என்று தயங்காமல் விடை கூறினோம். பொதுவிதி என்ற அளவில் அவ்விடை சரியே. ஆயினும் எம் கண்முன் நின்ற பாறைக்கு அது பொருந்தவில்லை. அதனை யாம் உணர்ந்த வகையை ஈண்டு எடுத்துரைப்போம்.

பொதுவிதி யாது?

பூமியின் உள்ளே உருகிய நிலையில் இருக்கும் கற்குழம்பு குளிர்ந்து இறுகும்போது தீப்பாறை பிறக்கிறது. பெரும்பாலான பாறைகள் பல கனிமங்களின் கூட்டே. அவற்றை இரு குழுவாகப் பிரிக்கலாம். குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் ஆகியவை சிலிக்கா மிகுந்தவை. வெண்மை, இளஞ்சிவப்பு போன்ற வெளிர் நிறங்களைப் பெரும்பாலும் உடையவை. பைராக்சீன், ஹார்ன்பிளெண்ட், ஆலிவின் ஆகியவை இரும்பும் மக்னீசியமும் கலந்தவை. இரும்பு ஒளியை உறிஞ்சுவதால் இவை கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ தோன்றுகின்றன.

எடையிலும் இவ்வேறுபாடு உண்டு. குவார்ட்ஸின் ஒப்படர்த்தி 2.65, அதாவது சம பருமனுள்ள நீரைவிட 2.65 மடங்கு கனமுடையது. பைராக்சீன் வகைகள் 3.2 முதல் 3.5 வரை செல்லும். இரும்பு அணு கனமானது. இக்கனிமங்களில் அணுக்கள் நெருங்கி அடுக்கப்பட்டும் உள்ளன. எனவேதான் வெளிர்நிறக் கிரானைட்டின் ஒப்படர்த்தி 2.6 முதல் 2.7 வரை அமைய, எல்லோராக் குடைவரைகள் செதுக்கப்பட்ட கரிய பசால்ட்டின் ஒப்படர்த்தி 3-ஐ ஒட்டி அமைகிறது. யாம் மாணவரிடம் கூறியது இவ்விதியையே.

சோதனை சொன்ன செய்தி

மலையிலிருந்து இறங்குகையில் சாலையோரம் உடைந்து கிடந்த கல் ஒன்றை அம்மாணவர் எடுத்து வந்திருந்தார். கல்லூரி திரும்பியதும் இயற்பியல் துறை நண்பரிடம் அதனைக் கொடுத்தோம். காற்றில் நிறுத்தபோது 324 கிராம். நூலில் கட்டி நீரில் அமிழ்த்தி நிறுத்தபோது 205 கிராம். குறைந்த 119 கிராமால் 324-ஐ வகுத்தால் கிடைப்பது 2.72. கல் கடையில் பெற்ற மெருகிட்ட கறுப்புக் கல் துண்டு ஒன்றையும் அவ்வாறே நிறுத்தோம். காற்றில் 286, நீரில் 191. அதன் ஒப்படர்த்தி 3.01. இரண்டும் கறுப்பு, ஆயினும் ஒன்று கிரானைட்டை ஒட்டியது, மற்றது பசால்ட்டை ஒட்டியது.

நிறுத்து அறியும் இம்முறை பழமையானது. இந்தியாவைப் பற்றி நூல் எழுதிய அல்பிரூனி, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், நீர் நிறைந்த கலத்தில் மணிக்கற்களையும் உலோகங்களையும் இட்டு, வழிந்த நீரை நிறுத்து அவற்றின் ஒப்படர்த்தியைக் கண்டார். நிறத்தால் ஒத்த கற்களையும் எடையால் வேறுபிரிக்க இம்முறை உதவியது.

கிரானைட் அணிந்த கரும்போர்வை

பழனி மலையின் பெரும்பகுதி சார்னோகைட் என்னும் பாறையால் ஆனது. கல்கத்தாவில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவியவராகக் கருதப்பட்ட ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, 1893-இல் இப்பெயரை இட்டார். அக்கல் சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியிலிருந்து சென்றதாகும்.

ஹாலந்து ஆராய்ந்த கல்லில் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாருமே மிகுதி. ஹைப்பர்ஸ்தீன் என்னும் பைராக்சீன் வகை சிறிதளவே உண்டு. ஆகவே கூட்டமைப்பால் அது கிரானைட்டின் உறவு. கறுப்பு வந்த வழி வேறு. இத்தகைய பாறையில் ஃபெல்ஸ்பாரின் நுண்ணிய வெடிப்புகளில் இரும்பு கலந்த பச்சைக் கனிமங்கள் இழையோடியுள்ளன என்றும், குவார்ட்ஸினுள் நுண்ணிய ஊசிகள் பொதிந்துள்ளன என்றும் ஆய்வாளர் கூறுவர். அச்சிறிதளவே முழுக் கல்லையும் எண்ணெய் பூசினாற்போல் இருளச் செய்கிறது. எடையை உயர்த்த அது போதாது. பூமியின் ஆழத்தில் கடும் வெப்பமும் அழுத்தமும் தாங்கிய இப்பாறையைத் தீப்பாறை என்பதா, உருமாறிய பாறை என்பதா என்ற வழக்கும் நெடுநாளாக நிகழ்ந்ததுண்டு. சார்னோகைட் இனத்திலேயே பைராக்சீன் மிகுந்து ஒப்படர்த்தி 3-ஐக் கடக்கும் கற்களும் உள. ஆகவே ஒரு கல்லை நிறுத்து மலை முழுவதற்கும் தீர்ப்புக் கூறலும் ஆகாது.

அடுத்த வகுப்பில், முன் கூறியது பிழை என்று மாணவர் அனைவர் முன்னிலையிலும் சொல்லித் திருத்திக்கொண்டோம். வினவிய மாணவரே இரு கற்களையும் மீண்டும் நிறுத்துக் காட்டினார். ‘கருங்கல்’ என்ற ஒரே சொல்லால் கிரானைட்டையும் சார்னோகைட்டையும் மெருகிட்ட கறுப்புக் கல்லையும் நாம் வழங்கி வருகிறோம். சொல் ஒன்றாயினும் பொருள் வேறு என்பதை அன்று தராசு உணர்த்தியது.

மாணவச் செல்வங்களே! நிறம் ஒரு குறிப்பு, தீர்ப்பன்று. கல்லைக் கையில் ஏந்துங்கள், நிறுத்துப் பாருங்கள், பின்னர்ப் பெயரிடுங்கள். ஆசிரியர் கூற்றையும் அவ்வாறே நிறுத்துப் பாருங்கள்.