மார்பகக் கட்டிக்குக் காந்த அடையாளம்



செம்பனை முள் விரலில் ஏறி உள்ளே ஒடிந்துபோனால் என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியும். மேலாக இருந்தால் ஊசி முனையால் எடுத்துவிடலாம். ஆழத்துக்குப் போய்விட்டால், இடம் தெரியாமல் கிளறக் கிளற நல்ல சதைதான் புண்ணாகும். மார்பகப் புற்றுநோய் ஆப்பரேஷனிலும் இதே சிக்கல் உண்டு.

நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் கட்டி சிறியதாக இருக்கும். சில கட்டிகள் மெமோகிராம் படத்தில் மட்டுமே தெரியும், கைக்கு அகப்படாது. அதை டாக்டர் கத்தியால் எப்படித் தேடுவார்?

பழைய முறையில், படத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லிய கம்பியைக் கட்டிவரை செருகுவார்கள். மறுமுனை தோலுக்கு வெளியே நிற்பதால் பெரும்பாலும் அன்றைக்கே ஆப்பரேஷன் செய்தாக வேண்டும். கம்பி நகர்ந்துவிடுவதும் உண்டு. எக்ஸ்ரே நிபுணரும் அறுவை டாக்டரும் ஒரே நாளில் அமைவது சிறிய ஊர் ஆஸ்பத்திரிகளில் லேசான காரியமா?

இதற்கு மாற்றாக வந்ததுதான் காந்த முறை. சுமார் 5 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகுத் துண்டை ஊசி வழியாகக் கட்டிக்குள் வைத்துவிடுவார்கள். இவ்வகையில் ஒன்றான ‘மேக்சீட்’டுக்கு 2016-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வெளியே ஒன்றும் நீட்டிக்கொண்டிருக்காது. நீங்கள் வீட்டுக்குப் போகலாம், சமைக்கலாம். பட்டணத்தில் வைத்துக்கொண்டு, சில நாள் கழித்து, கருவி உள்ள வேறோர் ஆஸ்பத்திரியில்கூட ஆப்பரேஷன் செய்யலாம். டாக்டர் பேனா போன்ற கருவியைத் தோலின்மேல் நகர்த்துவார். கட்டியை நெருங்க நெருங்கச் சத்தம் மாறும், எண் கூடும்.

நோய் அக்குள் நெறிக்குப் பரவியதா என்று பார்க்கவும் இதே கருவி உதவும். வழக்கமாக அதற்குக் கதிரியக்க மருந்து வேண்டும். அதன் வீரியம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். தனிப் பிரிவும் தேவை. இரும்புத் துகள் கலந்த காந்தத் திரவத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் தோலில் பழுப்புக் கறை சில மாதம் இருக்கலாம்.

குறைகளும் உண்டு. விலை அதிகம். மிக ஆழமான கட்டியில் சத்தம் மங்கும். சாதாரண எஃகுக் கத்தரி பக்கத்தில் வந்தால் கருவி குழம்பும். இருதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்கள் முன்கூட்டியே சொல்லவேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்த வசதி கிடையாது. உங்கள் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் ஒன்று. கட்டி சிறியதாக இருக்கும்போது வருபவர்களுக்குத்தான் இதனால் முழுப் பலன். ‘கத்தி பட்டால் புற்று பரவும்’ என்ற பேச்சை நம்பாதீர்கள். புதிய கட்டி, தோலில் குழி, காம்பில் ரத்தம், அக்குளில் நெறி, இவற்றில் எது கண்டாலும், வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். பெரட்டு தவறும், சம்பளம் போகும் என்று பயப்படவும் வேண்டாம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் வருடத்துக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. தோட்டத்து டிரெசரிடம் இன்றைக்கே கடிதம் வாங்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போய்வாருங்கள்.