வேலி போட்டுத் தொலைத்த வண்ணத்துப்பூச்சி

இங்கிலாந்தின் ‘லார்ஜ் ப்ளூ’ வண்ணத்துப்பூச்சிக்குப் பெயர்தான் பெரிது. சிறகை விரித்தால் 2 அங்குலம் இருந்தால் அதிகம். வலையோடு வரும் சேகரிப்பாளர்களால்தான் அது குறைகிறது என்று நம்பி, 1930-களில் அது வாழ்ந்த ஓர் இடத்துக்கு வேலி போட்டார்கள். ஆள் வருவது நின்றது. கூடவே ஆடுமாடு மேய வருவதும் நின்றது. பூச்சி அங்கிருந்து மறைந்தே போனது.

காரணம் எறும்பு. துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த காட்டு தைம் செடியின் பூ மொட்டில் பெண் பூச்சி முட்டையிடும். புழு மூன்று வாரம் பூவைத் தின்றுவிட்டு, 4 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு சாயங்கால வேளையில் தரையில் விழும். பிறகு இரை தேடாது; காத்திருக்கும். வழியே வரும் சிவப்பு எறும்புக்கு ஒரு சொட்டு இனிப்புத் திரவம் தரும். எறும்பு அதை நக்கி முடித்ததும் புழு உடம்பைக் கூனிக்கொள்ளும். கூட்டிலிருந்து தவறி விழுந்த நம் பிள்ளை என்று எண்ணி எறும்பு அதைக் கவ்விக்கொண்டு போகும். உள்ளே போன விருந்தாளி, வீட்டுப் பிள்ளைகளையே தின்னத் தொடங்கும்! சுமார் பத்து மாதம் இந்தச் சாப்பாடுதான். புழுவின் மொத்த எடையில் 98 விழுக்காடு இப்படி ஏறுவதுதான்.

ஏதோ ஒரு சிவப்பு எறும்பு இருந்தால் போதாது என்பதை 1970-களில் கண்டுபிடித்தவர் ஆய்வாளர் ஜெரமி தாமஸ். ‘மிர்மிகா சபுலெட்டி’ என்ற ஓர் இனத்தின் கூட்டில்தான் புழு நன்றாகப் பிழைக்கும். அந்த எறும்புக்கு வெயில் படும் சூடான மண் வேண்டும். புல் 3 சென்டிமீட்டருக்குமேல் வளர்ந்தாலே மண் குளிர்ந்து, வேறு எறும்புகள் இடத்தைப் பிடித்துவிடும். மேய்ச்சல் குறைந்ததோடு, 1950-களில் பரவிய கொள்ளைநோயில் புல்லைக் கொறித்துவந்த முயல்களும் செத்தொழிந்தன. சேகரிப்பாளர்கள் சுமந்தது வீண் பழி என்றே எனக்குத் தோன்றுகிறது.

உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. மிஞ்சியிருந்த கொஞ்சத்தையும் 1976 வறட்சி வாட்டியது. 1979-ல் பிரிட்டனில் இந்தப் பூச்சி அற்றுப்போனது. புதர்களை வெட்டி, மாடுகளை மேயவிட்டு எறும்பை மீட்ட பிறகு, 1983 முதல் ஸ்வீடனிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 2022-ல் பிரிட்டனில் பறந்தவை 150 ஆண்டுகளில் காணாத எண்ணிக்கை. ஆனால் அத்தனையும் ஸ்வீடன் வம்சம். இங்கிலாந்தின் பழைய வம்சத்தை இனி எந்த மேய்ச்சலாலும் மீட்க முடியாது.