டீசல் கார் எஞ்சின் ரீமேப்பிங்

டீசல் கார் எஞ்சின் ரீமேப்பிங் என்பது, எஞ்சின் பாகங்களை மாற்றாமல், அதைக் கட்டுப்படுத்தும் கணினியில் உள்ள எண் அட்டவணைகளைத் திருத்தி, காரின் திறனையும் முறுக்குவிசையையும் கூட்டும் முறையாகும். பேச்சு வழக்கில் இது 'ரீமேப்', 'டியூனிங்', 'சிப் போடுவது' எனப்படுகிறது. காரின் 'பிக்கப்' கூடும் என்பதே இதை நாடுவோரின் முதன்மையான எதிர்பார்ப்பு. அந்தப் பலன் பெரும்பாலும் உண்மையாகவே கிடைக்கிறது. ஆனால் அதற்கான விலை எஞ்சினின் ஆயுளிலும், பிறர் சுவாசிக்கும் காற்றிலும் கொடுக்கப்படுகிறது.

பின்னணி

பழைய டீசல் எஞ்சின்களில் எரிபொருளின் அளவை இயந்திர முறைப் பம்ப் ஒன்றே தீர்மானித்தது. பம்ப்பில் உள்ள திருகைத் திருகி மெக்கானிக்குகள் 'டீசல் கூட்டிவிடுவது' அக்காலத்து டியூனிங். 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் 'காமன் ரெயில்' முறை முதன்முதலாகப் பயணிகள் கார்களுக்கு வந்தது. இதில் எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசல் மிக உயர்ந்த அழுத்தத்தில் தேக்கி வைக்கப்படுகிறது. எப்போது, எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்பதை 'ஈசியூ' எனப்படும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கணினி முடிவு செய்கிறது. திருகு இருந்த இடத்தில் மென்பொருள் வந்ததால் ரீமேப்பிங்கும் பிறந்தது.

செயல்படும் முறை

பெட்ரோல் எஞ்சினின் திறன் உள்ளே செல்லும் காற்றின் அளவால் கட்டுப்படுத்தப்படுகிறது. டீசல் எஞ்சினின் திறனைப் பீய்ச்சப்படும் எரிபொருளின் அளவே தீர்மானிக்கிறது. அந்த எரிபொருள் முழுமையாக எரியத் தேவையான காற்றை டர்போ அழுத்தி அனுப்புகிறது.

ஈசியூவின் நினைவகத்தில் 'மேப்' எனப்படும் பல அட்டவணைகள் உள்ளன. பள்ளிக்கூட வாய்ப்பாட்டு அட்டவணையைப் போலவே, ஒரு பக்கத்தில் எஞ்சினின் சுழற்சி வேகமும் மறுபக்கத்தில் ஆக்சிலரேட்டர் அழுத்தமும் இருக்கும். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் உள்ள எண்ணே கட்டளை. ரீமேப் செய்பவர் பொதுவாகப் பின்வரும் அட்டவணைகளைத் திருத்துகிறார்:

• பீய்ச்சும் டீசலின் அளவு
• பீய்ச்சத் தொடங்கும் நேரம்
• காமன் ரெயில் அழுத்தம்
• டர்போ தரும் காற்றழுத்தம்
• முறுக்குவிசை வரம்பு, புகை வரம்பு

பெரும்பாலான கார்களில் இந்த வேலை ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி இணைப்பு வழியாக மடிக்கணினியால் செய்யப்படுகிறது. சில கார்களில் ஈசியூவைக் கழற்றித் திறக்க வேண்டியிருக்கும். 'டியூனிங் பாக்ஸ்' என்பது வேறு. அது மென்பொருளைத் தொடாமல், ரெயில் அழுத்தம் குறைவாக இருப்பதுபோல் உணரியின் தகவலை மாற்றி, ஈசியூவைக் கூடுதல் அழுத்தம் தரவைக்கும் கருவி.

பலனைக் கணக்கிடுதல்

திறனுக்கும் முறுக்குவிசைக்கும் உள்ள தொடர்பு இது:

திறன் (கிலோவாட்) = முறுக்குவிசை (நியூட்டன் மீட்டர்) × நிமிடச் சுழற்சி ÷ 9549

205 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சின் 2000 சுழற்சியில் சுமார் 42.9 கிலோவாட் தருகிறது. ரீமேப்பில் முறுக்குவிசை 250 ஆனால், அதே சுழற்சியில் 52.4 கிலோவாட் கிடைக்கும். முந்திச் செல்லும்போது ஓட்டுநர் உணரும் மாற்றம் இதுவே.

மறைமலை நகர் எடுத்துக்காட்டு

ஒரே எஞ்சின் வெவ்வேறு திறன் தரக்கூடும் என்பதற்குச் சான்று தாம்பரத்துக்குத் தெற்கே, ஜிஎஸ்டி சாலையில் உள்ள மறைமலை நகரில் இருக்கிறது. அங்கிருந்த ஃபோர்டு ஆலையில் தயாரான ஈக்கோஸ்போர்ட் காரின் 1.5 லிட்டர் டீசல் எஞ்சின், 2013இல் அறிமுகமானபோது 91 பிஎஸ் திறன் தந்தது. 2015 இறுதியில் அதே கொள்ளளவிலேயே திறன் 100 பிஎஸ் ஆக உயர்த்தப்பட்டது. இவ்வாறு செய்யும் தயாரிப்பாளர் வெப்பம், தேய்மானம், புகை ஆகியவற்றைச் சோதித்துச் சான்றும் பெற்ற பிறகே காரை விற்கிறார். தனியார் ரீமேப்பில் இந்தச் சோதனைகள் பெரும்பாலும் நடப்பதில்லை.

எண்ணை மாற்றினால் மட்டும் எல்லாம் கிடைத்துவிடாது என்பதற்கும் சான்று உண்டு. மாருதி கார்களில் பயன்பட்ட ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் எஞ்சின், ஸ்விஃப்ட்டில் 75 பிஎஸ், எர்டிகாவில் 90 பிஎஸ் திறன் தந்தது. இரண்டிலும் பொருத்தப்பட்ட டர்போக்கள் வெவ்வேறு வகை.

தயாரிப்பாளர் விட்டுவைக்கும் இடைவெளி

ஆலையில் எழுதப்படும் மேப் எஞ்சினின் முழுத் திறனையும் பயன்படுத்துவதில்லை. கத்திரி வெயில், மலைப்பாதை, தரம் குறைந்த டீசல், நாள் தவறிய ஆயில் மாற்றம் ஆகிய அனைத்தையும் ஒரே மேப் தாங்க வேண்டும். ரீமேப் தரும் கூடுதல் திறன் இந்தப் பாதுகாப்பு இடைவெளியிலிருந்தே எடுக்கப்படுகிறது. இதனால் ஏற்படக்கூடிய பாதிப்புகள்:

• கிளட்ச் வழுக்குதல், கியர்பாக்ஸ் தேய்மானம்
• வெளியேறும் புகையின் வெப்பம் உயர்ந்து டர்போ பழுதாதல்
• பிஎஸ் 6 கார்களில் புகைக்கரி வடிகட்டி விரைவில் அடைபடுதல்

கடைசிப் பாதிப்பு பள்ளிக்கரணை போன்ற புறநகர்களுக்கு மிகவும் பொருந்தும். வடிகட்டியில் சேரும் கரி எரிந்து நீங்க, கார் சற்று நேரம் சீரான வேகத்தில் ஓடி வடிகட்டி நன்கு சூடாக வேண்டும். வேளச்சேரி–தாம்பரம் சாலையிலும், சதுப்பு நிலத்தின் ஊடாகச் செல்லும் ரேடியல் சாலையிலும் நெரிசல் நேரத்தில் ஊர்ந்து செல்லும் காருக்கு அந்த வாய்ப்பு குறைவு. கூடுதல் முறுக்குவிசைக்கும் அங்கு வேலையில்லை.

மாசும் புகைச் சான்றிதழும்

காற்றுக்கு மிஞ்சிய டீசல் கரும்புகையாகிறது. எரியும் வெப்பம் கூடினால் கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடுகள் பெருகுகின்றன. இவை மூச்சுக்குழாயைப் பாதிப்பவை. டீசல் கார்களுக்கு பிஎஸ் 4 விதியில் கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமாக இருந்த நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு, 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6 விதியில் 80 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது.

புகைப் பரிசோதனை நிலையத்தில், நின்றுகொண்டிருக்கும் டீசல் காரின் ஆக்சிலரேட்டரை மிதித்து, புகையின் அடர்த்தி மட்டுமே அளக்கப்படுகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் அளக்கப்படுவதில்லை. காரின் மேல் சுமையும் இல்லை. ஆகவே ரீமேப் செய்த கார் சான்றிதழ் பெற்றுவிட்டது என்பதால் அது மாசு கூட்டவில்லை என்று பொருளாகாது.

மென்பொருளால் மட்டுமே மாசு எவ்வளவு மாறும் என்பதை ஃபோக்ஸ்வாகன் விவகாரம் உலகுக்குக் காட்டியது. சோதனை நடப்பதை அறிந்து மாசைக் குறைத்துக் காட்டும் மென்பொருள் அதன் டீசல் கார்களில் இருந்ததை, 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளிப்படுத்தியது. இந்தியாவில் அக்குழுமம் 3,23,700 கார்களைத் திரும்பப் பெற்று மென்பொருளைத் திருத்துவதாக அறிவித்தது. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விதிகளை மீறவில்லை என்று நிறுவனம் மறுத்தது. அதே ஆண்டு மே மாதத்தில், நிறுவனத்தின் மீது கட்டாய நடவடிக்கை எடுக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தயாரிப்பாளரின் உத்தரவாதமும் கைவிட்டுப் போகக்கூடும். பழைய மேப்பைத் திரும்ப ஏற்றினாலும் பல ஈசியூக்களில் மென்பொருள் மாற்றப்பட்ட தடம் இருக்கும்.

உரிமையாளர் கவனிக்க வேண்டியவை

பிக்கப் குறைந்துவிட்டது என்று ரீமேப் தேடும் பல கார்களில் உண்மையான காரணம் அடைபட்ட ஏர் ஃபில்டர், கசியும் டர்போ குழாய், கரி படிந்த ஈஜிஆர் வால்வு, தேய்ந்த இன்ஜெக்டர் ஆகியவற்றில் ஒன்றாக இருப்பதுண்டு. இவற்றைச் சரிசெய்தாலே இழந்த திறன் திரும்பும். சட்டச் சிக்கலும் எழாது. இவற்றைச் சரிசெய்யாமல் ரீமேப் செய்தால், பழுதுள்ள எஞ்சினின் மேல் கூடுதல் சுமையே ஏறும். வடிகட்டியையோ ஈஜிஆர் வால்வையோ நீக்கித் தருவதாகச் சொல்லும் ரீமேப், காரின் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பையே செயலிழக்கச் செய்வதாகும். அதனால் வெளியேறும் புகை, அந்தக் காரின் பின்னால் இருசக்கர வண்டியில் வருவோரையும் பேருந்து நிறுத்தத்தில் காத்து நிற்போரையுமே முதலில் சென்றடைகிறது.