நர்ஸ் ஆகணும்... வேலைக்கும் போகணும்!

காலை ஆறே கால் மணி. காணையிலிருந்து விழுப்புரம் போகிற பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். பூக்கூடைக்காரம்மா, பால் கேன், கலெக்டர் ஆபீஸுக்கு மனு எடுத்துப் போகும் பெரியவர்... இவர்களுக்கு நடுவே தலையை இறுக்கி வாரிக் கொண்டை போட்டு, மடியில் டிபன் பாக்ஸும் ரெக்கார்டு நோட்டுமாக இரண்டு மூன்று பெண்களாவது உட்கார்ந்திருப்பார்கள். நர்ஸிங் படிக்கிற பெண்கள்! அவர்களைப் பார்த்தால் எனக்கு என் ஞாபகம் வந்துவிடும்.

நானும் இந்தப் பக்கத்துப் பெண்தான். அப்பாவுக்குக் குத்தகை நிலம் ஒன்றரை ஏக்கர். ஒரு போகம் நெல், ஒரு போகம் மல்லாட்டை. 2008-ல் பிளஸ் டூ முடித்தேன். "நம்ம வூட்லயும் ஊசி போடறவ ஒருத்தி இருக்கட்டுமே" என்றார் ஆயா. அந்த ஒரு வார்த்தைதான் என்னை இந்த வழிக்கு அனுப்பியது. ஆனால் நேர் வழியில் இல்லை, சுற்று வழியில்!

ஒரு வருடத்தில் நர்ஸா?

பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒரு நோட்டீஸ். 'ஒரே வருடத்தில் நர்ஸ்! நூறு சதவிகிதம் வேலை!' அப்பா மல்லாட்டை விற்ற காசில் பன்னிரண்டாயிரம் கட்டினார். வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். வருடக் கடைசியில் பளபளவென்று ஒரு சர்ட்டிபிகேட்டும் கொடுத்தார்கள். ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் மாதம் 1,800 ரூபாய்க்கு வேலையும் கிடைத்தது. நோயாளிகள் "சிஸ்டர்" என்று கூப்பிடும்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒருநாள் அங்கே வந்த ஒரு மூத்த நர்ஸ் அக்கா கேட்டார்: "உன் கவுன்சில் நம்பர் என்னம்மா?"

"அப்படின்னா என்னக்கா?"

அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். "நீ படிச்சது நர்ஸிங் இல்ல கண்ணு. உதவியாளர் வேலைக்கான பயிற்சி. இதை வெச்சு நீ அம்பது வயசு வரைக்கும் உழைச்சாலும் நர்ஸ் ஆக முடியாது."

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. இந்தக் கட்டுரையை எழுதுவதே, இன்னொரு பெண் அப்படிப் பட்டினி படுக்கக்கூடாது என்பதற்காகத்தான்.

உதவியாளர் வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை. நோயாளியைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, சோறு ஊட்டுகிற கைகள் உயர்ந்த கைகள். ஆனால் உதவியாளர் படிப்பை நர்ஸ் படிப்பு என்று சொல்லிப் பணம் வாங்குவது மோசடி. எது நர்ஸ் படிப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள்:

* ஏ.என்.எம். - இரண்டு வருடம். கிராம சுகாதாரத்துக்கான படிப்பு. துணை சுகாதார நிலையத்தில் நாம் பார்க்கும் கிராம சுகாதார செவிலியர் இந்தப் படிப்பு படித்தவர்.

* டிப்ளமோ நர்ஸிங் (ஜி.என்.எம்.) - மூன்று வருடம். நான் படித்த காலத்தில் மூன்றரை வருடம்.

* பி.எஸ்ஸி. நர்ஸிங் - நான்கு வருடம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும்.

* போஸ்ட் பேஸிக் பி.எஸ்ஸி. - டிப்ளமோ முடித்தவர்கள் பட்டம் வாங்க இரண்டு வருடம்.

இதில் எதை முடித்தாலும் தமிழ்நாடு நர்ஸுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு எண்தான் உங்கள் உயிர்நாடி! சென்னை மாகாணத்தில் இதற்கான சட்டம் 1926-லேயே வந்துவிட்டது. ஆக, சேருவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இங்கே படிச்சா கவுன்சில்ல பதிவு பண்ண முடியுமா?" கேட்டதும் பேச்சை மாற்றினால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி விடுங்கள்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாமா?

நிறையப் பெண்கள் கேட்கிற கேள்வி இது. வீட்டில் கஷ்டம். தம்பி, தங்கை படிக்கணும். 'பகலில் வேலை, சாயங்காலம் நர்ஸிங்' என்று இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

ஆனால் அப்படி ஒன்று கிடையாது. முதல் நர்ஸிங் படிப்பைத் தபாலில் படிக்க முடியாது. மாலை வகுப்பிலும் முடியாது. வகுப்புக்குக் குறைந்தது 80 சதவிகித வருகை வேண்டும். வார்டு பயிற்சி நேரம் மட்டும் நூற்றுக்கு நூறு முடித்தாக வேண்டும். அதைக் குறைத்தால் நாளைக்கு ஒரு நோயாளிதான் அதற்கு விலை கொடுப்பார். ஆகவே முழு நேர வேலை நடக்காது. கிடைக்கிற ஓய்வு நேரத்தில் கொஞ்சம் சம்பாதிக்கலாம், அவ்வளவுதான்.

நான் அந்த அக்காவின் பேச்சைக் கேட்டு 2009-ல் டிப்ளமோவில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமையும் லீவு நாட்களும் அதே நர்ஸிங் ஹோமில் கவுன்ட்டரில் சீட்டு எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். ஆசை யாரை விட்டது? வார நாட்களிலும் சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை போக ஆரம்பித்தேன். முதல் வருடம் அனாடமியில் பெயில்! மறு தேர்வுக்குக் கட்டிய பணமும், அதற்கான அலைச்சலும் நான் சம்பாதித்ததைத் தின்றுவிட்டன.

அனுபவத்தில் சொல்கிறேன், வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வெளிவேலை வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன், பூக் கட்டுவது, தையல் என்று உட்கார்ந்து செய்கிற வேலையாக இருந்தால் நல்லது. வார்டில் நாள் முழுக்க நின்ற கால்கள் சாயங்காலமாவது உட்காரட்டுமே!

பணத்துக்கு வேறு வழிகளும் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்களுக்கு, மேற்படிப்பின்போது மாதம் ஆயிரம் ரூபாய் தரும் 'புதுமைப்பெண்' திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. 2024-லிருந்து அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்பட்டோர் நலத் துறைகளின் உதவித்தொகைகள் இருக்கின்றன. வங்கிக் கல்விக் கடனில் நான்கு லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கமாட்டார்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட அவகாசமும் உண்டு. அங்கீகாரம் இல்லாத இடத்துக்கு வங்கியில் கடன் கிடைக்காது. அதுவே உங்களுக்கு இன்னொரு பரிசோதனை!

உடம்பைக் கவனித்தீர்களா?

இரண்டாம் வருடம். ஒருநாள் காலை ரவுண்ட்ஸில் ட்ரேயைப் பிடித்தபடி நின்றவள் அப்படியே சரிந்துவிட்டேன். ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் எட்டரை கிராம். இருக்க வேண்டியது 12. "நோயாளியைப் பார்க்க வந்தியா, நோயாளியா வந்தியா?" என்று வார்டு சிஸ்டர் திட்டினார். திட்டிவிட்டுத் தன் டிபன் பாக்ஸையும் என்னிடம் கொடுத்தார்.

நான் ஒருத்தி மட்டும் இல்லை. 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் பாதிக்கும் மேல், 53 சதவிகிதம் பேருக்கு, ரத்தசோகை. நர்ஸிங் மாணவிகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

* காலையில் வெறும் டீயோடு டூட்டிக்குப் போகாதீர்கள். கேழ்வரகுக் கூழ் ஒரு சொம்பு குடித்தாலும் போதும். முருங்கைக்கீரை, வேகவைத்த மல்லாட்டை, முட்டை எல்லாம் நம் ஊரிலேயே கிடைப்பவை. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கினால் பலன் குறையும். எலுமிச்சை ஜூஸ், நெல்லிக்காய், கொய்யாப்பழத்தோடு சேர்த்தால் நன்றாகச் சத்து சேரும்.

* நைட் டூட்டி முடிந்து வந்ததும் துணி துவைக்க உட்காராதீர்கள். லேசாகச் சாப்பிட்டு, ஜன்னலுக்குத் துணி போட்டு இருட்டாக்கி, போனை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். தூக்கக் கலக்கத்தோடு ஸ்கூட்டி ஓட்டவே கூடாது. பஸ்தான் நல்லது.

* வார்டு பயிற்சி தொடங்குமுன் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது.

* பயன்படுத்திய ஊசி கையில் குத்திவிட்டதா? அமுக்கிப் பிழியாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே வார்டு சிஸ்டரிடம் சொல்லுங்கள். திட்டுக்குப் பயந்து மறைத்தால் ஆபத்து உங்களுக்குத்தான். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது.

* நோயாளியைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். கனமான நோயாளி என்றால் இன்னொருவரைக் கூப்பிடுங்கள். அதில் வெட்கம் எதற்கு?

முதல் வேலை... முதல் பாடம்

2013-ல் படிப்பு முடிந்தது. கையில் கவுன்சில் பதிவு! ஒரு தனியார் மருத்துவமனையில் இன்டர்வியூ. "ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாம் கொடுத்துட்டுப் போம்மா, வெரிஃபை பண்ணணும்" என்றார்கள். கொடுத்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து, அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் வேலையை விடக் கேட்டபோது, "ரெண்டு வருஷம் முடியணும். இல்லாட்டி மூணு மாச சம்பளம் கட்டிட்டு வாங்கிக்கோ" என்றார்கள். நான் எதில் கையெழுத்துப் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அப்பா திரும்பவும் கடன் வாங்கினார்.

என்னைப்போல் ஏமாறாமல் இருக்க...

* ஒரிஜினலைக் காட்டுங்கள். பார்த்து முடித்ததும் கையோடு வாங்கி வாருங்கள். நகல் மட்டும் கொடுத்தால் போதும்.

* படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். 'நாளைக்குப் படிச்சிட்டுக் கொண்டு வரேன் சார்' என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

* நியமனக் கடிதம், சம்பளம், ஷிப்ட் நேரம், வார லீவு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாவற்றையும் முதல் நாளே கேளுங்கள். கேட்டால் வேலை போய்விடாது.

* முதல் ஒரு வருடத்தில் சம்பளத்தை விடக் கற்றுக்கொள்வது முக்கியம். நாலு பேர் கற்றுக்கொடுக்கிற பெரிய வார்டு, தனியாக விட்டுவிடுகிற சின்ன இடத்தைவிட நல்லது.

தனியார் நர்ஸுகளின் சம்பளப் பிரச்னை சுப்ரீம் கோர்ட் வரை போனது பலருக்குத் தெரியாது. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் 2011-ல் தொடர்ந்த வழக்கில், 2016 ஜனவரியில் கோர்ட் சொன்னபடி மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம் தர வேண்டும் என்றது அந்தக் குழு. இது பரிந்துரைதான். ஆனாலும் சம்பளம் பேசும்போது இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அரசு வேலை

தமிழ்நாட்டில் அரசு நர்ஸுகளை எடுப்பது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். 2012-ல் ஏற்பட்டது. 2015-ல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களுக்குத் தேர்வு நடத்தினார்கள். நானும் எழுதினேன். ராத்திரி டூட்டியில் நோயாளிகள் தூங்கும் நேரத்தில், மேஜை விளக்கில் படித்தது. பாஸ்! ஆனால் சேர்ந்தபோது தொகுப்பூதியம் 7,700 ரூபாய்தான். பணி நிரந்தரமும் ஊதியமும் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான நர்ஸுகள் உட்கார்ந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அதன் பிறகுதான் தொகுப்பூதியம் 14,000 ஆனது. காலியிடம் வர வர நிரந்தரமும் படிப்படியாகக் கிடைத்தது. அரசு வேலை என்றதும் மறுநாளே எல்லாம் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். பொறுமை வேண்டும்.

மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் தற்காலிகப் பணி அறிவிப்புகளையும் விடாமல் பாருங்கள். 2010-ல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு, நம் மாவட்டப் பெண்கள் பெரிய ஆஸ்பத்திரி அனுபவத்துக்குச் சென்னைக்குத்தான் ஓட வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் புதுவை ஜிப்மர். விழுப்புரம்-காட்பாடி ரயிலில் போனால் வேலூர். அங்கே சி.எம்.சி.யில் 1909-லேயே நர்ஸிங் பள்ளி தொடங்கிவிட்டார்கள்!

வெளிநாட்டு ஆசையா? தப்பில்லை. வளைகுடா நாடுகள் போன்ற, குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு நர்ஸுகளை அரசு நிறுவனங்கள் மூலமாகத்தான் அனுப்ப வேண்டும் என்று 2015-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நம் மாநிலத்தில் அதற்கென்றே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. தெருமுனை ஏஜென்ட்டிடம் லட்சங்களைக் கொடுக்காதீர்கள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அதே காலை பஸ். பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணிடம் ஒரு நோட்டீஸ். 'ஒரே வருடத்தில் நர்ஸ்!' பதினாறு வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த வாசகம் மாறவில்லை!

"சேரப் போறியாம்மா?"

"ஆமாங்கக்கா. நாளைக்குப் பணம் கட்டணும்."

விழுப்புரம் வரும்வரை பேசினோம். இறங்கும்போது நோட்டீஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "அவங்ககிட்ட அந்த ஒரு கேள்வியைக் கேட்டுட்டு வரேங்கக்கா" என்றாள்.

நீங்களும் கேளுங்கள். உங்கள் பெண்ணோ, தங்கையோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோ நர்ஸ் ஆகணும் என்று சொன்னால், பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த ஒரு கேள்வியைக் கேட்க வையுங்கள்.