ஏட்டுக்கு முன்பே செழித்த சோமாலிக் கவிதை

சோமாலி மொழிக்கு அரசு ஏற்ற எழுத்துமுறை 1972-இல்தான் வந்தது. லத்தீன் எழுத்தா, அரபு எழுத்தா, உஸ்மான் யூசுப் கெனாதித் உருவாக்கிய உஸ்மானியா எழுத்தா என்று நெடுங்காலம் நடந்த வாதத்துக்குப் பின், சோமாலியாவின் சியாத் பாரே அரசு லத்தீனைத் தேர்ந்தது. அதற்கு முன் அம்மொழியில் இலக்கியமே இல்லை என்று எண்ணுவது பெரும் பிழை. ஒட்டகம் மேய்த்த மக்களிடையே வளர்ந்த 'கபாய்' என்னும் வகையில் கவிதை முழுவதும் ஒரே ஒலியில் மோனை வர வேண்டும். யாப்பும் பிசகக் கூடாது. 1920-இல் மறைந்த சையது முகமது அப்துல்லா ஹசன் பிரிட்டிஷாரை எதிர்த்தபோது, படையோடு கவிதையையும் ஏவினார். மனப்பாடமாகவே அக்கவிதைகள் பரவின.

வாய்மொழி ஆளுக்கு ஆள் மாறிவிடாதா என்று கேட்கலாம். மூத்த கவிதைகளை ஓதுபவர் இயற்றியவர் பெயரைச் சொல்லி, சொல் மாறாமல் ஓத வேண்டும் என்பதே சோமாலி மரபு. சொல் பிசகினால் பெரும்பாலும் மோனையே காட்டிக்கொடுத்துவிடும். அதற்காக எழுத்து வீண் என்று சொல்ல முடியாது. 1974-75-இல் சியாத் பாரே அரசு மாணவர்களை நாட்டுப்புறங்களுக்கு அனுப்பி நடத்திய எழுத்தறிவு இயக்கம் மொழிக்குப் பெரும் வலிமை தந்தது. ஆனால் அதே அரசுதான் கவிஞர் ஹத்ராவியை 1973 முதல் 1978 வரை சிறையில் வைத்தது. 1991-இல் அந்த அரசு வீழ்ந்து பள்ளிகள் சிதைந்த பிறகும் நினைவிலும் ஒலிநாடாக்களிலும் கவிதை வாழ்ந்தது. ஹர்கேசா நகரப் பண்பாட்டு மையம் இன்று ஆயிரக்கணக்கான நாடாக்களைக் காத்து வருகிறது. காந்தநாடா காலத்தால் கெடும். அவற்றை எண்முறைப் பதிவாக மாற்றும் பணிக்கு உலகம் தாமதமின்றி உதவ வேண்டும்.